ஏரல் அருகே எங்கள் ஊழிய வளாகத்தைச் சீரமைத்துத் தந்த அன்பர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும், மத வேறுபாடு பாராமல் எங்களுக்குத் தோள் கொடுத்த சுற்றுவட்டார மக்கள் அனைவருக்கும் அன்பின் வாழ்த்துகளுடன் எழுதிக்கொள்வது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டதோடு, நிரம்பிக் கிடந்த குளங்களும் உடைப்பெடுத்ததால், எங்கள் ஜெப மண்டபம், மாணவியர் விடுதி, சமையற்கட்டு, மருந்தகம் ஆகிய நான்கிலும் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. விடுதிப் பிள்ளைகள் அனைவரும் பக்கத்துப் பள்ளியின் மாடிக்குப் பத்திரமாகக் கொண்டுசெல்லப்பட்டதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். அந்த இருட்டிலும் வெள்ளத்திலும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிச் சென்றவர்கள் அடுத்த தெரு இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலானோர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதை நன்றியுடன் இங்கே பதிவு செய்கிறோம்.

தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரவும், கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யவும், நனைந்த பாய்களையும் புத்தகங்களையும் அப்புறப்படுத்தவும் வந்தவர்கள் பலர். நாசரேத்திலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேன் பிடித்து வந்த வாலிபர்கள், தங்கள் சாப்பாட்டையும் தாங்களே கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் அடுப்பு எரியாத நாள்களில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நாங்கள் அறிவோம்.

ஆனாலும் இந்த மடலை எழுதத் தூண்டியது அதற்குப் பின் நடந்த வேலைதான். உடனே சுவரைப் பூசிப் பெயின்ட் அடித்துவிட்டால் கிறிஸ்துமசுக்குள் வளாகம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று எங்களில் சிலர் அவசரப்பட்டோம். பணம் தர முன்வந்தவர்களும் அதையே விரும்பினார்கள். உதவிக்கு வந்த முதிய கொத்தனார் ஐயா சுவரை ஓரிடத்தில் கொத்திக் காட்டினார். நூறாண்டைத் தாண்டிய அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. இடைக்காலத்தில் யாரோ அதன்மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி, செங்கல் உப்புப் பூத்துப் பொரிந்து, விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. அந்தச் சிமென்ட்டை முழுவதும் கொத்தி எடுத்து, பங்குனி வெயில்வரை சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பே பூச வேண்டும் என்று அவர் சொன்னபோது, அத்தனை தன்னார்வலர்களும் தங்கள் தேதிகளை மாற்றிக்கொண்டு, கோடை விடுமுறைக்கு மறுபடியும் வந்தார்கள். உதவி செய்ய வருகிறவர்கள் தங்கள் வசதியைப் பார்க்காமல் கட்டடத்தின் தேவைக்காகக் காத்திருப்பது அரிது. அந்தப் பொறுமைக்கே எங்கள் முதல் நன்றி.

சிப்பிச் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, புளிக்கவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் கலவை குழைத்தபோது, பொறியியல் கல்லூரி மாணவர்கள் அந்த ஐயாவின் பக்கத்தில் நின்று, கலவை கரணையில் எப்படி ஒட்ட வேண்டும் என்பதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். பூசிய சுவர் வெடிக்காமல் இருக்க, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தவர்கள் எங்கள் விடுதிப் பிள்ளைகளின் தாய்மார்கள். பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாள் கூலியை இழந்து வந்து செய்த வேலை அது. நெகேமியாவின் புத்தகத்தில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, பழுதுபார்த்தவர்களின் வரிசையில் தட்டாரும் தைலக்காரரும் வருவதோடு, சல்லூம் என்பவனுடைய குமாரத்திகளும் வருவார்கள். அந்தப் பகுதியை வாசிக்கும்போது இந்தத் தாய்மார்களின் நினைவு எங்களுக்கு இனி வராமல் இருக்காது.

ஜெப மண்டபத்தின் கூரையில் பனங்கைகள் வைரம் பாய்ந்தவை. அவற்றில் மூன்றை மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது. ரீப்பர்கள் அனைத்தும் புதியவை. ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கழுவியபோது, பலவற்றின் அடியில் பாசல் மிஷன் முத்திரை தெரிந்தது. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய அந்த மிஷனின் ஓடுகள் இத்தனை மழையையும் தாங்கியிருக்கின்றன என்பதால், உடையாதவற்றை வீசாமல் மறுபடியும் அவற்றையே வேய்ந்தோம். ஓடு மாற்றுவதை விட்டுவிட்டு கான்கிரீட் போடலாம் என்ற யோசனையை மறுத்து, பழைய கூரையைக் காப்பாற்றித் தந்த ஆசாரி அண்ணாச்சிக்கு இந்தச் சபை கடமைப்பட்டிருக்கிறது.

பழையதைப் பழையபடி வைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. விடுதியின் சுவிட்ச் போர்டுகள் எல்லாம் வெள்ளம் எட்டிய உயரத்துக்கு மேலே ஏற்றப்பட்டன. அரிசி, மருந்து வைக்கும் அறைகளில் கடப்பாக்கல் பரண்கள் அமைந்தன. சக்கர நாற்காலியில் வரும் எங்கள் மாணவி ஒருத்தி இதுவரை யாராவது தூக்கினால்தான் கழிப்பறைக்குப் போக முடியும். இப்போது சாய்தளமும் கைப்பிடியும் இருப்பதால் தானாகவே போய் வருகிறாள். நாங்கள் கேட்காமலே இதைக் கவனித்துச் செய்தவர் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு சகோதரி. அவருக்கு அந்தப் பிள்ளை எழுதிய கடிதத்தைத் தனியே அனுப்பியிருக்கிறோம்.

வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காணிக்கை அனுப்பிய குடும்பங்களுக்கும், சிமென்ட் விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை என்று சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் எனத் தேடித் தந்த கடைக்காரருக்கும், எங்கள் நன்றி உரியது. வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பெயர் வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் இம்மடலில் யார் பெயரையும் குறிப்பிடவில்லை. ஆயினும் வரும் ஸ்தோத்திரப் பண்டிகையில், சம்மதிக்கும் ஒவ்வொருவர் பெயரையும் வாசித்து ஜெபிக்க விரும்புகிறோம். அனைவரும் குடும்பத்தோடு வந்து, அன்று நடைபெறும் அசன விருந்திலும் பங்குபெறும்படி அன்புடன் அழைக்கிறோம். சமையற்கட்டின் கூரை மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. அதை ஐப்பசி மழைக்கு முன் முடிக்க உங்கள் ஜெபம் வேண்டும். நீங்கள் விட்டுச்சென்ற ரசமட்டமும் இரண்டு கரணைகளும் ஒரு தூக்குக்குண்டும் மருந்தக அலமாரியில் பத்திரமாக உள்ளன. உரியவர்கள் அன்று பெற்றுக்கொள்ளலாம்.

கர்த்தருடைய பணியில்,
விடுதிக் காப்பாளரும் ஊழியக் குழுவினரும்