சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: அவசரப் பிரிவு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் ராத்திரி டியூட்டி பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயம், வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தினமும் பார்க்கிறீர்கள். போன வாரம் அப்படி வந்தவர்களில் ஒருத்தி என் அக்கா மகள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. ஒருத்தரை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை, அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கே தெரியும்.

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். படுக்கப் போனவளுக்குத் திடீரென்று மூச்சு வாங்கி, நெஞ்சு அடைத்து, கைவிரல்கள் மடங்கி அப்படியே விறைத்துக்கொண்டன. "செத்துப் போயிடுவேன் மாமா" என்கிறாள். 108 வந்தது. நீங்களும் உடனே ஈ.சி.ஜி. எடுத்தீர்கள். அதற்கு நன்றி, நிஜமாகவே நன்றி, நெஞ்சுவலி என்று வந்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் நார்மல். அதுவரைக்கும் சரி. அப்புறம்தான் அந்த சிஸ்டர், சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "என்னம்மா, பரீட்சையா, லவ்வா? எதுக்கு இந்த நடிப்பு?" என்று கேட்டார். டாக்டர் ஓ.பி. சீட்டில் கேஸ் ட்ரபிள் என்று எழுதி, வயிற்று மாத்திரை கொடுத்து, "ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அந்த 'ஒண்ணும் இல்ல' எங்கள் வீட்டில் என்னவெல்லாம் செய்தது தெரியுமா? டாக்டரே ஒன்றும் இல்லை என்றதும், அப்படியானால் காத்து கருப்புதான் என்று பாட்டி பூசாரியிடம் கூட்டிப் போய் விபூதி போட்டுத் தாயத்துக் கட்டிவிட்டார். அவள் அப்பாவோ சிஸ்டர் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்காரர்களே லவ்வா என்று கேட்டார்கள் என்றால் ஏதோ இருக்கிறது என்று போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார், படிப்பை நிறுத்திவிடலாமா என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. அந்தப் பெண் இப்போது யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. படபடப்பு வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, அடங்குகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கிறாளாம். என்னிடம் மட்டும் சொன்னாள். காரணம், எனக்கும் இது உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

நான் லோடு வண்டி டிரைவர். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போகிறவன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் எனக்கு முதல் தடவை வந்தது. நியூட்ரலில் நிற்கிற வண்டியின் ஆக்சிலேட்டரை யாரோ மிதித்துக்கொண்டே இருப்பது மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது, கண் முன்னால் இருக்கிற ரோடு நிஜமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் ரொம்ப நாள் தொப்பூர் பக்கமே போகாமல் அரூர் வழியாக மஞ்சவாடி கணவாயில் சுற்றிக்கொண்டு போனேன், கூடுதல் டீசல் என் கையிலிருந்து. எனக்கும் கேஸ் என்றார்கள், பித்தம் என்றார்கள், ஒரு இடத்தில் சரக்கை நிறுத்து என்றார்கள், நான் குடிப்பதே இல்லை.

கடைசியில் ஒரு டாக்டர், அவரும் அரசு டாக்டர்தான், சீட்டில் 'பேனிக் அட்டாக், மனநலப் பிரிவில் காட்டவும்' என்று எழுதினார். உடம்பு ஆபத்து என்று தப்பாக நினைத்து அட்ரினலின் என்கிற அவசர ஹார்மோனைக் கொட்டுகிறது, பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாகவே இறங்கும், வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரத்துப் போகும், மடங்கும், இதனால் உயிர் போகாது என்று சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மனநலப் பிரிவில் கொடுக்கிற மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை பொறு, தூக்க மாத்திரை வகையை மெடிக்கலில் நீயாக வாங்கிப் போடாதே, பயந்த இடத்தை விட்டு ஓடினால் பயம்தான் வளரும் என்றார். இப்போதும் எப்போதாவது வருகிறது. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுவேன், இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சை நீளமாக விடுவேன், இறங்கினதும் வண்டியை எடுப்பேன். தொப்பூர் வழியாகத்தான்.

என் முதலாளி நம்பினது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். என் வீட்டுக்காரி தாயத்தைக் கழற்றியதும் அதைப் பார்த்துத்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் காகிதத்தில் டாக்டர் எழுதினால்தான் அது வியாதி, வாயால் நாங்கள் சொன்னால் சாக்கு. அதனால்தான் கேட்கிறேன்: ஈ.சி.ஜி. சரியாக இருந்து, வேறு கோளாறும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், இது பேனிக் அட்டாக்காக இருக்கலாம், மனநல டாக்டரிடம் காட்டவும் என்று சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லவில்லை. வெளியே எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்று நானும் பார்த்தேன்.

இது நான் கேட்கிற சலுகையும் இல்லை. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளில் இருக்கிற மருத்துவ அலுவலர்கள் எல்லோருக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலும் அவசர மனநல சிகிச்சையிலும் அரசு பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. மேலே இருக்கும் அதிகாரிகளே, அந்தப் பயிற்சி நடந்ததா? நடந்திருந்தால், 'நடிப்பு' எந்தப் பாடத்தில் வருகிறது? அந்த சிஸ்டர் நின்ற இடத்துக்கு நேர் மேலே சுவரில் 14416 என்று மனநல உதவி எண் போட்ட போஸ்டர் ஒட்டியிருந்தது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், நல்ல நம்பர். போஸ்டருக்குக் கீழே நிற்கிறவர்களும் அதை ஒருமுறை படித்தால் தேவலை.

வீட்டுக்கே மருந்து கொண்டு வருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது பக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், 2004 வரைக்கும் அதுவும் நம்ம மாவட்டம். எங்கள் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, குறை சொல்ல மாட்டேன். மனசுக்கு வைத்தியம் வேண்டும் என்றால் மட்டும் மக்கள்தான் தேடி வரவேண்டும், தேடி வந்தாலும் நடிப்பு என்று பேர். டிரைவர்களுக்கு முகாம் போட்டால் கண்ணைப் பார்க்கிறீர்கள், சுகர் பார்க்கிறீர்கள், ராத்திரி பூராவும் தூங்காமல் கணவாய் இறங்குகிறவனிடம் தலைக்குள்ளே எப்படி இருக்கிறது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? கேட்டால் ரோட்டில் பாதி வண்டி ஓடாது என்று பயமோ என்னவோ. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

அக்கா மகளை மறுபடியும் கூட்டி வரப் போகிறேன். வரமாட்டேன் என்றவளைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். தைராய்டு, ரத்த அளவு எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள், அதிலேயும் படபடப்பு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு, என்னவென்று தெரிகிறதோ அதை அந்தச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், தயவுசெய்து. தர்மபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதினாலும் சரி, வண்டி வைத்துக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அவள் அப்பாவும் கூட வருவார். முடிந்தால் அவர் காதிலும் விழுகிற மாதிரி ஒருதரம் வாயால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தக்காளி லோடு டிரைவர்,
தர்மபுரி மாவட்டம்