அன்று அசையாத ஊசி

செம்பூர், மும்பை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் வாய்க்கால் கரை வரை நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கே எல்லாரும் நலம். பேத்தி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்; அவளுக்கு இப்போது மின்னோட்டத்தின் காந்த விளைவுகள் பாடம் நடக்கிறது. அதையொட்டி வீட்டில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு உன்மேல் விழுந்த ஒரு பழி நியாயமற்றது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஆண்டு, பள்ளி ஆய்வகத்தில் நீ காந்த ஊசிக்கு ஒரு விரல் உயரத்தில் செம்புக் கம்பியைப் பிடித்து, அதன் முனைகளை டார்ச் செல்லில் தொட்டாய். ஊசி அசையவே இல்லை. பல்பை எரியவிட்டு விளையாடிச் செல்லைத் தீர்த்துவிட்டாய் என்று ஆசிரியர் உன்னை வெளியே நிறுத்தினார். பக்கத்தில் இருந்த நானும் வாய் திறக்கவில்லை.

பத்து நாட்களுக்கு முன்பு பேத்தி எங்கள் சாப்பாட்டு மேசையில் அதே சோதனையைச் செய்தாள். அதே விளைவு. "செல் தீர்ந்துபோச்சு, தாத்தா" என்று அவளும் தீர்ப்புச் சொன்னாள். ஆனால் நான் கம்பியைத் தொட்டுப் பார்த்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. மின்னோட்டம் ஓடாமல் கம்பி எப்படிச் சூடாகும்? எங்கள் மேசை கிழக்கு மேற்காக நீண்டிருப்பது. கம்பியையும் அவள் மேசையின் நீளவாக்கிலேயே பிடித்திருந்தாள். "ஊசி எப்படி நிற்கிறதோ, கம்பியையும் அப்படியே பிடித்துப் பார்" என்றேன். தெற்கு வடக்காகப் பிடித்துத் தொட்டதுதான் தாமதம், ஊசி மேற்குப் பக்கமாகத் திரும்பி, நடுங்கி, ஏறக்குறைய பாதி வழியில் நின்றது. செல்லைத் திருப்பி வைத்தாள், கிழக்கே திரும்பியது.

காரணம் இதுதான். மின்னோட்டம் ஓடும் கம்பியின் காந்தப்புலம் கம்பியின் நீளவாக்கில் செல்வதில்லை. கைக்கு வளையல் போட்டதுபோல் கம்பியைச் சுற்றி வருகிறது. வளையலின் அடிப்பகுதி கைக்குக் குறுக்காகத்தானே இருக்கும்? ஆகவே கிழக்கு மேற்காகப் பிடித்த கம்பியின் அடியில் புலம் தெற்கு வடக்காக அமைகிறது. ஊசி ஏற்கெனவே அந்தத் திசையில்தான் நிற்கிறது. வடக்கே இழுக்கும் பூமியோடு இன்னொருவரும் சேர்ந்து வடக்கே இழுத்தால் அது எதற்காகத் திரும்ப வேண்டும்? உன் கையில் இருந்த செல்லில் அன்று உயிர் இருந்தது, சண்முகம். கம்பியை மட்டும் குறுக்கே பிடித்துவிட்டாய். அதிலும், மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும்படி பிடித்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடியிருந்தால் ஊசி தடுமாறியிருக்கும், நீயும் தப்பியிருப்பாய்.

ஊசி பாதி வழியில் நின்றதையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கம்பியில் 2 ஆம்பியர் ஓடுகிறது, ஊசி 1 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே கம்பியின் புலம் 40 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு). மும்பையில் பூமியின் காந்தப்புலத்தில் கிடைமட்டப் பங்கு சுமார் 38 மைக்ரோடெஸ்லா. கிட்டத்தட்டச் சமபலமுள்ள இருவர் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இழுத்தால் ஊசி 45 பாகையை ஒட்டி நிற்பதில் வியப்பில்லை. நம் காலடியில் இருக்கும் இவ்வளவு பெரிய பூமிக்கு ஒரு டார்ச் செல் ஈடுகொடுக்கிறது என்பதைப் பேத்தி நம்பவே மறுத்தாள். எனக்குமே மறுமுறை கணக்குப் போட்ட பிறகுதான் மனம் ஒப்பியது.

இந்த விளைவை 1820-இல் கோபன்ஹேகனில் கண்டறிந்த ஓர்ஸ்டெட்டும் உன் கட்சிதான் போலும். அவர் முதலில் கம்பியை ஊசிக்குக் குறுக்கே வைத்து ஏமாந்தார் என்றும், ஒரு விரிவுரையின் முடிவில்தான் இணையாக வைத்துப் பார்த்தார் என்றும் ஹான்ஸ்டீன் என்ற அறிஞர் 1857-இல் ஃபாரடேவுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கதையை ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. உன் பொருட்டு நான் அதை நம்புவதாக இருக்கிறேன்.

இதே விளைவால் இந்த ஊரிலிருந்து ஓர் ஆய்வுக்கூடமே இடம்பெயர்ந்தது. கொலாபா ஆய்வகத்தில் 1840களிலிருந்து பூமியின் காந்தப்புலத்தை அளந்துவந்தார்கள்; 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து கிளம்பி வந்த பெரும் காந்தப்புயலின்போது கிடைமட்டப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா (ஆயிரம் நானோடெஸ்லா ஒரு மைக்ரோடெஸ்லா) சரிந்ததைப் பதிவு செய்தது அந்த ஆய்வகமே. பிறகு பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது என்று தெரிந்தது. டிராமுக்கு மேலே கம்பியில் போகும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது மண்ணிலும் கசிவதால், போக்கும் வரவும் ஒன்றையொன்று முழுவதும் ஈடுசெய்வதில்லை. ஒற்றைக் கம்பியில் 100 ஆம்பியர் ஓடினால், 1 கிலோமீட்டருக்கு அப்பாலும் 20 நானோடெஸ்லா புலம் இருக்கும். பூமியின் புலம் ஓர் அமைதியான நாளில் மாறுவதே சில பத்து நானோடெஸ்லாதான். ஆகவே கடலுக்கு அக்கரையில் அலிபாகில், காந்தத்தன்மையற்ற போர்பந்தர் கல்லால் புதிய கூடம் கட்டி, 1904-இல் அங்கே அளவீட்டைத் தொடங்கினார்கள். இரண்டு இடங்களிலும் 1906 வரை ஒருசேர அளந்து, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பொருத்திக்கொண்டார்கள். டிராம் 1907-இல் ஓடத் தொடங்கியது. சென்ற ஞாயிறு பேத்தியைப் படகில் அக்கரைக்கு அழைத்துப்போய், அந்த வளாகத்தை வெளியிலிருந்தே காட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் உன் அப்பாவின் டிரான்சிஸ்டர் நினைவுக்கு வந்தது. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்க வேண்டுமென்று திண்ணையில் அதைத் திருப்பித் திருப்பி வைப்பாரே, அதுவும் திசை விவகாரந்தான். மத்திய அலையைப் பிடிக்க அதற்குள் கம்பி சுற்றிய, ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன தண்டு ஒன்று படுத்திருக்கும். வந்து சேரும் அலையின் காந்தப்புலம், அலை செல்லும் திசைக்குக் குறுக்காகக் கிடைமட்டத்தில் ஆடும். தண்டும் அதே வாக்கில் கிடந்தால்தான் புலம் சுருளுக்குள் புகுந்து மாறி மாறி மின்னோட்டத்தைத் தூண்டும். மாறும் புலத்துக்கு மட்டுமே அந்த ஆற்றல் உண்டு என்பதை 1831-இல் ஃபாரடே காட்டினார்; அந்த ஆட்டமே ஒளியின் வேகத்தில் அலையாகப் பரவும் என்பதை மேக்ஸ்வெல் கணக்கில் சொன்னார், 1880களின் பிற்பகுதியில் ஹெர்ட்ஸ் செய்து காட்டினார். கொழும்பு உங்கள் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. ஆகவே பெட்டியின் முகமோ முதுகோ தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு முனை அந்தத் திசையைப் பார்த்தால் பாட்டு அடங்கிவிடும். உன் அப்பா இதையெல்லாம் படிக்காமலே சரியான மூலையைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். அதை அழித்ததற்கு நாம் வாங்கிய வசவு உனக்கு மறந்திருக்காது.

பேத்தியின் திசைகாட்டியைப் போலவே இன்னொன்று வாங்கி இன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காந்த நடுக்கோடு உங்கள் பக்கத்தை ஒட்டிச் செல்வதால், அங்கே பூமியின் புலம் ஏறக்குறைய முழுவதும் கிடைமட்டமாக இருக்கும். அந்தக் கிடைமட்ட இழுப்பு இங்கிருப்பதைவிடச் சற்று வலுவானது என்பதால், கம்பியைத் தெற்கு வடக்காகப் பிடித்தால் ஊசி இங்கே திரும்பியதைவிடச் சற்றுக் குறைவாகத் திரும்பலாம். முதலில் அன்றுபோலவே கம்பியைக் கிழக்கு மேற்காகப் பிடி; பிறகு செல்லை மட்டும் திருப்பு. இரண்டு மூன்று வினாடிக்கு மேல் தொடாதே, செல் வீணாகிவிடும். ஊசி என்ன செய்தது என்று மறக்காமல் எழுது. அண்ணியாரை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா