பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் வேண்டாம். பேட்டரிக்கு மின்னேற்ற இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாடிக்கையாளரின் வாசலுக்கே சென்று காரைக் கழுவி, உள்ளே வேக்கம் போட்டு, தேவைப்பட்டால் பாலிஷும் செய்து கொடுக்கும் தொழிலைக் கோவையில் ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தண்ணீர் டேங்க், பிரஷர் வாஷர், வேக்கம் எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் அவற்றை ஓட்டுவதற்கான மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது என்பதுதான் எங்களைப் போன்றோருக்கு இன்றுவரை தீராத சிக்கலாக இருக்கிறது. பெரும்பாலோர் இதற்குப் பெட்ரோல் ஜெனரேட்டரையே நம்புகிறார்கள். நானும் நம்பினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பேஸ்மென்ட்டில் வேலை நடந்தது. வெளியே நனையும் என்பதால் ஜெனரேட்டரையும் உள்ளேயே, ஒரு தூணின் ஓரமாக வைத்திருந்தோம். காருக்குள் குனிந்து வேக்கம் போட்டுக்கொண்டிருந்த என் உதவியாளர் தலை வலிக்கிறது என்றார். காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று நானே சொன்னேன். சற்று நேரத்தில் குமட்டல் வந்து, சரிவுப்பாதையில் ஏறும்போது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, மூடிய இடத்தில் என்ஜின் ஏதும் ஓடியதா என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நல்ல வேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு பேஸ்மென்ட்டுக்குள் நான் ஜெனரேட்டரைக் கொண்டு போனதே இல்லை. இத்தொழிலில் இருப்போரும், அவர்களை உள்ளே அனுமதிக்கும் குடியிருப்புச் சங்கங்களும் இந்த ஒன்றையாவது உடனே நிறுத்த வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெனரேட்டருக்கு மாற்றாக முதலில் வாங்கியது, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் வகை ஈய அமிலப் பேட்டரி. 1,500 வாட் பிரஷர் வாஷரின் பிடியை அழுத்தியதும் இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்துவிட்டது. மோட்டார் வேகம் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய இன்வெர்ட்டர் மாற்றிய பிறகும் சிக்கல் தீரவில்லை. கணக்குப்படி அந்தப் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கிறது. ஆனால் வேகமாக இழுக்க இழுக்க ஈய அமிலப் பேட்டரியின் கொள்ளளவு குறையும், பாதிக்குமேல் இறக்கினால் ஆயுளும் போகும், இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வீணாகும் என்பதால், கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய முக்கால் யூனிட்தான். ஒரு காருக்குப் பிரஷர் வாஷர் பத்து நிமிடமும் வேக்கம் பதினைந்து நிமிடமும் ஓடினால் அரை யூனிட் ஆகிவிடும். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றரைக் கார் கழுவுவதை எப்படித் தொழில் என்று சொல்வது?

இப்போது கடன் வாங்கி 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பொருத்தியிருக்கிறேன். எடையில் முன்னதை ஒட்டியே இருந்தாலும் 5 யூனிட் கொள்ளும். அதில் பெரும்பகுதியைப் பயமின்றி எடுக்கலாம். 12 வோல்ட்டில் 1,500 வாட்டுக்கு 125 ஆம்பியர் ஓடியதால் கேபிள் முனைகள் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். இதில் முப்பது ஆம்பியர்தான் ஓடுகிறது. நாளொன்றுக்கு ஐந்தாறு கார்களை நிம்மதியாகக் கழுவ முடிகிறது. மணிக்கணக்கில் ஓடும் பாலிஷ் மெஷினுக்கு மட்டும் இதுவும் போதாது என்பதால், அந்த வேலையை மின்வசதி உள்ள இடத்தில்தான் ஒப்புக்கொள்கிறேன். ஈரத்தில் நின்று செய்யும் வேலை இது என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம் தேவை. ஆனால் இன்வெர்ட்டரின் நியூட்ரலும் எர்த்தும் முறையாக இணைக்கப்படாவிட்டால் அது மாட்டியிருந்தும் மின்கசிவின்போது இணைப்பைத் துண்டிக்காது என்பதால், விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கொண்டே பொருத்த வேண்டும்.

எஞ்சியிருப்பது, பேட்டரிக்கு எங்கே மின்னேற்றுவது என்ற கேள்வி. நாளுக்கு அதிகபட்சம் 5 யூனிட் என்றால், மாதம் 25 நாள் வேலைக்கு, இரண்டு மாதக் கணக்கில் 250 யூனிட் வரை ஆகிறது. இதை வீட்டு இணைப்பிலிருந்து எடுப்பது முறையன்று. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசமாகத் தரப்படுவது குடும்பங்களுக்காகவே தவிரத் தொழிலுக்காக அன்று. அனுமதிக்கப்படாத நோக்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விதிக்கவும் இடமுண்டு. தனியாக வணிக இணைப்பு வாங்கலாம் என்றால், வாடகை வீட்டில் குடியிருந்து வண்டியில் தொழில் செய்பவருக்குக் கடையும் இல்லை, முகவரியும் இல்லை. உரிய கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருந்தும், செலுத்த ஒரு வழி இல்லாமல் நிற்கிறோம்.

மாநகராட்சியின் வாகன நிறுத்துமிடங்களிலும் மின்வாகனங்களுக்கான பொது மின்னேற்ற மையங்களிலும், மீட்டர் பொருத்திய சாதாரண 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டுகள் சிலவற்றை எங்களுக்கென ஒதுக்கலாம். இரவில் நான்கு மணி நேரம் கிடைத்தாலே மறுநாள் வேலைக்குப் போதும். அதேபோல் குடியிருப்புச் சங்கங்கள், விருந்தினர் வாகனம் நிறுத்துமிடத்தில் துணை மீட்டரும் ஆர்சிசிபியும் கொண்ட ஒரு பிளக் பாயின்ட்டை அமைத்து, ஓடிய யூனிட்டுக்கு எங்களிடமே கட்டணம் வசூலித்துக்கொள்ளலாம். எந்தக் கட்டணப் பிரிவில் அது வரும் என்பதை மின்வாரியம் எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்தினால், தயங்கி நிற்கும் சங்கங்களும் முன்வரும். தங்கள் நாளிதழ் வாயிலாக இக்கோரிக்கை உரியவர்களைச் சென்றடைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நடமாடும் கார் பராமரிப்புத் தொழில் செய்யும் வாசகர்,
பீளமேடு, கோவை.