காசில் ஒரு பெயர், உறையில் வேறு பெயர்: பார்த்திய டிராக்மா பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பண்டைய ஈரானை ஆண்ட பார்த்தியரின் வெள்ளிக் காசான டிராக்மாவை வாங்கிய பலர் கேட்கும் கேள்வி இது: "உறையில் நான்காம் ஃபிராத்தீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், காசில் அர்சாக்கீஸ் என்றல்லவா இருக்கிறது?" கிரேக்க எழுத்தைக் கூட்டிப் படித்துப் பார்த்திருக்கிறீர்களே, அதுவே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டும் சரிதான். கி.மு. 247 வாக்கில் பார்த்திய அரசை நிறுவியவர் அர்சாக்கீஸ். கி.பி. 224இல் சசானியரிடம் தோற்கும்வரை அவர் வழிவந்தவர்கள் அவர் பெயரையே பட்டமாகச் சூடினார்கள். காசில் சொந்தப் பெயர் வருவது அபூர்வம். பின்பக்கம் வில்லோடு உட்கார்ந்திருப்பவரும் அந்த மூதாதைதான் என்பது பொதுவான கருத்து.

ஆகவே, முகத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். மணிகள் பதித்த உயரமான கிரீடம் இருந்தால் இரண்டாம் மித்ரதாதீஸின் பிற்காலக் காசாக இருக்கலாம். நெற்றியில் மரு இருந்தால் இரண்டாம் ஒரோதீஸ், அல்லது அவர் மகன் நான்காம் ஃபிராத்தீஸ். கி.மு. 53இல் கார்ஹேயில் ரோமப் படையை நொறுக்கியது ஒரோதீஸின் படை. அப்படிப்பட்ட அரசர் மருவை மறைக்கச் சொல்லவில்லை என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம். தலைக்குப் பின்னால் மாலையைக் கவ்விய கழுகு இருந்தால் பெரும்பாலும் மகன். அவருக்கு அடுத்து வந்த ஃபிராத்தகீஸின் சில காசுகளில் வில்லாளிக்குப் பதில் தாய் மூசாவின் முகம், பெயரோடு இருக்கும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பரிசாக அனுப்பிய அடிமைப் பெண் மூசா என்கிறார் பழங்கால வரலாற்றாசிரியர் யோசேபஸ். கிடைத்தால் விடாதீர்கள்.

எழுத்து சிதைந்திருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் அச்சு வெட்டியவர்களுக்கு கிரேக்கம் மறந்துபோயிற்று, வெறும் கோடுகள்தான் மிஞ்சின. பிந்தைய டிராக்மாவில் எழுத்து பளிச்சென்று இருந்தால்தான் நாங்கள் மறுபடி பார்ப்போம்.

கி.மு. 91க்கும் 57க்கும் இடையே யாருக்குப் பின் யார் ஆண்டார் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அந்தக் காலத்துக் காசுகளின் உறையில் இனி செல்வுட் வகை எண்ணை (பார்த்தியக் காசுகளுக்கு டேவிட் செல்வுட் தொகுத்த பட்டியலில் உள்ள எண்) போட்டு, அரசர் பெயருக்குப் பக்கத்தில் 'கருதப்படுகிறது' என்றும் சேர்ப்போம். கருத்து மாறினால் புது உறை இலவசம்.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். மரு போன்ற சின்னப் புடைப்புகள்தான் முதலில் தேயும். உங்களிடம் உள்ள காசு யாருடையது என்று தெரிய வேண்டுமானால், இரு பக்கப் படத்தோடு எடையையும் எழுதி அனுப்புங்கள். நல்ல டிராக்மா 4 கிராமை ஒட்டி இருக்கும்.

அன்புடன்,
உங்கள் நாணயக் கடை