செயலாளர் ஆண்டறிக்கை: நம் பிள்ளைகளின் பல்லும் வாயும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களே, காப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டுக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டவை இரண்டு: சொத்தைப் பல், நாக்கில் திரும்பத் திரும்பப் படியும் பூஞ்சை. இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்த்ததே இதுவரை நடந்த பிழை. சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, சர்க்கரையிலிருந்து ஒரு பசையைச் செய்கிறது. அதற்கான நொதி, நாக்கில் படியும் கேண்டிடா என்ற பூஞ்சையின் மேலும் ஒட்டிக்கொள்வதால் இரண்டும் சேர்ந்து பல்லின்மேல் கெட்டிப் படலமாகின்றன. குழிவிழுந்த பல்லுக்குள் பூஞ்சை தங்கிவிடும். நாக்குக்கு மட்டும் மருந்து போட்டுக் குழியை அடைக்காமல் விட்டால், வெள்ளைப் படலம் மறுபடி படியக்கூடும்.

சர்க்கரை விஷயத்தில் மிட்டாயோடு மருந்துப் புட்டியையும் சந்தேகிக்க வேண்டும். பிள்ளைகளுக்கான சிரப்புகள் பலவும் இனிப்புச் சேர்த்தவை. பூஞ்சைக்குத் தரும் நிஸ்டாட்டின் திரவமும் பெரும்பாலும் அப்படித்தான். படுக்கும் நேரத்தில் சிரப் கொடுத்தால், தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இனிப்பு பல்லிலேயே நிற்கும். வாயின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலுறையான எனாமல் கரையும். இதற்காக எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. சிரப் கொடுத்ததும் தண்ணீர் கொடுங்கள். கசப்பு மருந்துக்குப் பின் நாக்கில் தேன் தடவுவதை விட்டுவிடுங்கள்.

நிஸ்டாட்டினுக்கு மட்டும் முறை வேறு. அது பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். உடனே விழுங்கினாலோ தண்ணீர் குடித்தாலோ வீண். 1 மி.லி.யில் 1 லட்சம் யூனிட் உள்ள திரவம் கைக்குழந்தைக்கு 2 மி.லி. (கன்னத்துக்கு 1 மி.லி. வீதம்), பெரிய பிள்ளைக்கு 4 முதல் 6 மி.லி., நாளுக்கு 4 வேளை என்பது வழக்கமான அளவு. மருத்துவர் எழுதியதே முடிவானது. அரை மணி நேரம் எதுவும் தர வேண்டாம். கடைசி வேளையை மாலையிலேயே கொடுத்து, அரை மணி கழித்துப் பல் துலக்கிப் படுக்க வையுங்கள். வெள்ளை மறைந்த பின்னும் 2 நாள் தொடர வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பும் நிஸ்டாட்டினும் ஒன்றையொன்று முறிக்கும், இடைவெளி விடுங்கள்.

பால் படிவா, பூஞ்சையா என்று அறிய ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். பால் எளிதில் வந்துவிடும். பூஞ்சைப் படலம் தயிர்த்திட்டுப் போல உரியும், அடியில் சிவந்திருக்கும், சில இடங்களில் ரத்தம் கசியும். மேலுதட்டைத் தூக்கி, ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெண்மை தெரிகிறதா என்றும் பாருங்கள். அதுதான் சொத்தையின் தொடக்கம்.

விழுங்கும்போது வலித்தால் அன்றே எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்லுங்கள், பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். பூஞ்சை விடாமல் வந்தால் எச்.ஐ.வி. மாத்திரை வேளை தவறுகிறதா, வைரஸ் அளவு எவ்வளவு என்று கேட்டறிவது அவசியம்.

ஃப்ளோரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு. சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தைப் பல் மருத்துவர் பூசினால் வலியின்றிச் சொத்தை பெரும்பாலும் நிற்கும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுக்கும். முன்பல் என்றால் பிள்ளையிடம் முன்பே சொல்லுங்கள்.

நோயைச் சொன்னதும் பல் பிடுங்க மறுத்த சம்பவம் இவ்வாண்டும் நடந்தது. மனம் மிக வருந்துகிறது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இதைத் தடைசெய்கிறது. கிருமி நீக்க முறை எல்லா நோயாளிக்கும் ஒன்றே.

3 மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டிய 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷை (பல்லைக் காக்கும் பூச்சு), மாத்திரை வாங்கும் நாளிலேயே பூச ஏற்பாடு செய்யும் தீர்மானத்துக்குப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்