யானை வாகனத் திருப்பணி: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பங்காளி, மாமன் மச்சான்களுக்கும், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து தைப்பூச நோம்பிக்குத் தவறாமல் வந்துவிடும் நம் பெண்மக்களுக்கும் வணக்கம்.

நம் முருகன் கோயில் மர யானை வாகனத்தை இனி வெளியே எடுக்க முடியாதுங்க. வயிற்றுப் பக்கம் தட்டினால் மாவாகக் கொட்டுகிறது. முன்னங்கால் இரண்டையும் செல் அரித்துவிட்டது. போன நோம்பியில் தூக்கும்போது இடது காது ஆணியோடு கழன்று கையில் வந்ததைப் பலரும் பார்த்தீர்கள். பட்டுத் துணியைச் சுற்றி மறைத்துத்தான் வீதி சுற்றினோம். ஒட்டுப்போட்டு ஒப்பேற்ற வழியில்லை, புதிதாகவே செய்ய வேண்டும் என்று ஸ்தபதி சொல்லிவிட்டார்.

"அந்தக் காசுக்கு நிஜ யானையையே வாடகைக்குக் கூட்டி வரலாமே" என்று கூட்டத்தில் இளவட்டங்கள் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. பேரூர்க் கோயில் யானை கல்யாணிக்குப் பழம் கொடுத்துத் தும்பிக்கையால் ஆசி வாங்காத பிள்ளைகள் நம் பக்கம் குறைவு. கேரளத்துக் குருவாயூர் கோயில் யானை கேசவனை 1922ல் நிலம்பூர் அரச குடும்பம் காணிக்கையாகக் கொடுத்தது. 1976ல், குருவாயூர் ஏகாதசியன்றே அது உயிர்விட்டது. அதற்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள். யானை என்றால் சனத்துக்கு அப்படி ஒரு பாசம்.

ஆனால் 2003ல் முதுமலையில் ஆரம்பித்துப் பிறகு மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டிக்கு வந்த கோயில் யானைகள் முகாமை நாம் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள். பவானி ஆற்றங்கரையில் 48 நாள் நடை, ஷவர் குளியல், பசுந்தீவனம், மருந்து கலந்த சோற்றுக் கவளம். வருடத்தில் மிச்ச நாளெல்லாம் கல் தரையில் நின்றே கால் நகம் வெடித்த யானைகளுக்குத்தான் இத்தனையும் தேவைப்பட்டது. அதே முகாமில் 2021ல் ஒரு யானையைக் கட்டிப்போட்டு அடித்த வீடியோ எல்லார் செல்போனுக்கும் வந்தது. அடுத்த வருடம் நவம்பரில் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, காலை நடையில் நடுரோட்டிலேயே விழுந்து செத்தது. வாழைத்தோப்புக்குள் வரும் யானையைப் பட்டாசு கொளுத்தி விரட்டுகிற நாமே, இன்னொரு யானையை லாரியில் ஏற்றி வந்து மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவே நிறுத்துவது நியாயமா? வேண்டாம் என்று குழு முடிவெடுத்திருக்கிறது.

திருச்சூர்ப் பக்கம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023ல் இறக்கிய இயந்திர யானையைப் பற்றியும் பேசினோம். காது ஆட்டுகிறது, தும்பிக்கை தூக்குகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ரிப்பேர் என்றால் யாரைத் தேடிப் போவது என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. அதோடு, ஐராவதம் வளர்த்த தெய்வானையைக் கைப்பிடித்து முருகன் யானைமேல் வரும்போது தோள் கொடுப்பதற்கென்றே திருப்பூரிலிருந்து லீவு போட்டு வருகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மர யானைதான் சரி.

மரம், தச்சுக்கூலி, வர்ணம், தோளில் சுமக்கப் புதுத் தண்டு இரண்டு, எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஸ்தபதி மதிப்புக் கொடுத்திருக்கிறார். தலைக்கட்டு வரியாகப் போடவில்லை. தறி ஓடுகிற லட்சணம் எங்களுக்கும் தெரியும். முடிந்ததைக் கொடுங்கள், ரூபாய் நூறானாலும் ரசீது உண்டு. தோட்டத்தில் வயதான வேங்கை, தேக்கு நிற்பவர்கள் மரமாகவும் தரலாம். வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அனுமதி வாங்கும் வேலையைக் குழு பார்த்துக்கொள்ளும். உபயதாரர் பெயரை வாகனத்தில் எழுத மாட்டோம். வெளிச்சத்தை மறைக்கும் ட்யூப்லைட் பெயர்கள் போதும். பெயரெல்லாம் கணக்கு நோட்டில் இருக்கும்.

வரவு செலவை ஒவ்வொரு அமாவாசையன்றும் கோயில் பலகையில் ஒட்டுவோம். வங்கிக் கணக்கு விவரமும் கியூஆர் கோடும் அங்கேயே இருக்கின்றன. ஆடி பிறப்பதற்குள் முன்பணம் கொடுத்தால்தான் தைப்பூசத்துக்கு வாகனம் கைக்கு வரும்.

இப்படிக்கு,
யானை வாகனத் திருப்பணிக் குழுவினர்