வேலை நேர உச்சவரம்பில் கை வைக்காதீர்கள்

ஜப்பானின் சுகாதாரம், தொழிலாளர், நலத்துறை அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியிருக்கும் தமிழன் நான், மென்பொருள் வேலை. எனக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனால் நீங்கள் எழுதும் தொழிலாளர் சட்டம்தான் நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்பதைத் தீர்மானிக்கிறது.

2025 அக்டோபரில் பிரதமர் சனே தகாய்ச்சி பதவியேற்றதும், வேலை நேர வரம்பைத் தளர்த்துவது பற்றி ஆராயும்படி உங்கள் அமைச்சரைப் பணித்தார். உடல்நலம் காக்கப்பட வேண்டும், தொழிலாளி தானாக விரும்பியிருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளும் வைத்தார். அந்த இரண்டாவது நிபந்தனையை நம்பி இறங்கிவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாலை ஆறு மணியோடு வேலை நேரம் முடிந்துவிடும். ஆனால் பிரிவுத் தலைவர் எழும்வரை ஒருவரும் எழ மாட்டார்கள். இருங்கள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. முடித்த கோப்பையே மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போய், கூடுதல் நேரம் உழைக்கச் சம்மதமா என்று ஒரு படிவத்தை நீட்டினால் யார் மறுப்பார்கள்? படிவத்தைத் திரும்ப வாங்குபவர்தானே பதவி உயர்வுக்கும் பரிந்துரைப்பவர்!

ஜப்பானியருக்கு உழைப்பு ரத்தத்திலேயே இருக்கிறது, மேற்கத்தியருக்கு ஓய்வுதான் பெரிது என்று இங்கேயும் சொல்கிறார்கள், எங்கள் ஊரிலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தொழிலாளி வாரம் ஆறு நாள், 48 மணி நேரம் உழைத்தார். 1956 மே தினத்துக்கு அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரு சுவரொட்டி ஒட்டியது. சனிக்கிழமை அப்பா எனக்குத்தான் என்று ஒரு குழந்தை அதில் சொல்லும். வாரம் 35 மணி நேரம் கேட்டு உலோகத் தொழிலாளர்கள் 1984இல் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு. ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரச் சம்பள விடுப்பு. கேட்டு, போராடி, சட்டமாக்கி வாங்கியவை இவை.

அதே 'மேற்கில்'தான் அமெரிக்காவும் இருக்கிறது. அங்கே தனியார் ஊழியருக்கு ஒரு நாள் சம்பள விடுப்பைக்கூடக் கூட்டாட்சிச் சட்டம் உறுதி செய்வதில்லை. அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,800 மணி நேரம் உழைக்கிறார், ஜப்பானியர் சுமார் 1,600. இந்த எண்ணை வைத்து யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். பகுதி நேர ஊழியர்களையும் சேர்த்த சராசரி அது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவர் இரவு பதினொரு மணிக்கு வீடு வந்தால் பிள்ளையை அழைத்து வருவது, சமைப்பது, மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது எல்லாம் யார் தலையில் விழும்? அந்த மனைவி முழு நேர வேலையை விட்டு நாலு மணி நேர வேலைக்குப் போகிறார். நாட்டின் சராசரி குறைகிறது.

சட்டம் வந்தால் பழக்கம் மாறும் என்பதற்கு நீங்களே சாட்சி. மாதக் கடைசி வெள்ளியன்று மூன்று மணிக்கே கிளம்புங்கள் என்று 2017இல் அரசு வேண்டிக்கொண்டது, கிளம்பியவர்கள் சொற்பம். ஆனால் குழந்தை பிறக்கப்போகும் ஊழியரைத் தனித்தனியே அணுகி, விடுப்பு எடுக்கிறீர்களா என்று நிறுவனமே கேட்டாக வேண்டும் என 2022இல் சட்டம் போட்டீர்கள். அந்த நிதியாண்டில் சுமார் 17 விழுக்காடாக இருந்த தந்தையர் விடுப்பு, 2024இல் 40 விழுக்காட்டைத் தாண்டியது. இரண்டே ஆண்டில் ரத்தம் மாறிவிடுமா என்ன?

சம்பளம் போதாமல் கூடுதல் நேரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்களுக்குத் தேவை கூலி உயர்வு.

இப்போதுள்ள வரம்பையே பாருங்கள். அவசரம் என்று காட்டினால் ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, பல மாதச் சராசரியாக 80 மணி நேரம்வரை கூடுதல் வேலை வாங்கலாம். மாரடைப்பிலோ மூளை ரத்தக்கசிவிலோ ஒருவர் இறந்தால், அது வேலைப்பளுவால் வந்ததா என்று முடிவு செய்ய உங்கள் அமைச்சகம் பார்க்கும் கணக்கும் அதே 100, அதே 80. மரணத்தின் விளிம்பில் போட்ட வேலி இது. இதை இன்னும் எங்கே நகர்த்துவீர்கள்? இந்த வேலியைப் போடவே, 2015 கிறிஸ்துமஸ் நாளில் டென்சு விளம்பர நிறுவனத்தின் 24 வயது ஊழியர் வேலைப்பளு தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு விதித்த அபராதம் ஐந்து லட்சம் யென். 2024 நிதியாண்டில் வேலையால் வந்த மனநோய் என்று நீங்களே ஏற்றுக்கொண்டவை 1,055. ஆயிரத்தைத் தாண்டியது அதுவே முதல்முறை.

இரு வேலை நாட்களுக்கு நடுவே ஓய்வு இடைவெளி விடுவது 2019 முதல் இங்கே வெறும் 'முயற்சி செய்யுங்கள்' என்ற அளவில்தான் நிற்கிறது. கட்டாயமாக்குவதையும் மனத்தில் வைத்துச் சட்டத்தை இறுக்குவது பற்றி ஆராய வேண்டும் என்று உங்கள் ஆய்வுக் குழுவே 2025 ஜனவரியில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையை எடுங்கள். அடுத்த திருத்த மசோதாவின் முதல் பிரிவாக, ஐரோப்பாவில் உள்ளதுபோல் 11 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்குங்கள். தளர்த்துவதைப் பற்றிப் பேசும் முன், உறவுகளை வேலைப்பளுவுக்குப் பறிகொடுத்த குடும்பங்களை அழைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
நிஷி கசாயிலிருந்து ஒரு மென்பொருள் தொழிலாளி